பவுனுக்கு எட்டரைக் கிலோ

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இது அவசரமில்லாமல் சொல்ல வேண்டிய விஷயம். ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

ஆர்சனோபைரைட் என்று ஒரு கனிமம் இருக்கிறது. வெள்ளி போலப் பளபளக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பூண்டு நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் ஆர்சனிக்குடையது. கனிமத்தின் எடையில் சுமார் 46 சதவீதம் ஆர்சனிக்தான். மீதி இரும்பும் கந்தகமும். உலகின் பல தங்கச் சுரங்கங்களில் தங்கம் குடியிருப்பது இந்தக் கல்லுக்குள்ளேதான். பூமியின் ஆழத்தில் சூடான நீர் பாறை வெடிப்புகளின் வழியே மேலேறி வந்தபோது தங்கம், ஆர்சனிக், கந்தகம் மூன்றையும் கரைத்துச் சேர்த்தே கொண்டுவந்தது. சூடு தணிந்த இடத்தில் மூன்றும் சேர்ந்தே படிந்தன. அதனால்தான் தங்கம் தேடிப் போகும் நிலவியலாளர்கள் மண்ணில் முதலில் ஆர்சனிக்கை அளந்து பார்ப்பார்கள். தங்கம் அத்தனை சொற்பம்; அதன் துணை கண்ணில் படுவது எளிது.

சாதாரணத் தங்கத் தாதுவிலிருந்து தங்கம் எடுப்பது பெரிய வித்தையில்லை. கல்லை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலில் கலக்கினால் தங்கம் கரைந்து வந்துவிடும். பிறகு கரித்துண்டுகளில் பிடித்து எடுக்கலாம். ஆர்சனோபைரைட்டுக்குள் இருக்கும் தங்கத்திடம் இது செல்லாது. டீயில் சர்க்கரை போட்டால் உடனே கரைகிறது. அதே சர்க்கரையை மெழுகில் பொதிந்து போட்டால் எத்தனை நேரம் கலக்கினாலும் டீ இனிக்காது. இங்கே அந்த மெழுகு வேலையை ஆர்சனோபைரைட் செய்கிறது. நுண்ணோக்கியில்கூடத் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியாகத் தங்கம் அதற்குள் சிறைப்பட்டிருக்கிறது. எவ்வளவு நைசாக அரைத்தாலும் சயனைடு அதைத் தொட முடியாது. முதலில் கல்லின் கட்டமைப்பையே உடைக்க வேண்டும்.

உடைக்கப் பழைய காலத்திலிருந்து இருக்கும் வழி நெருப்பு. அரைத்த தாதுவை உலையில் போட்டு ஏறக்குறைய ஐந்நூறு, அறுநூறு டிகிரியில் வறுப்பார்கள். கந்தகம் கந்தக டை ஆக்சைடாகப் பறந்துவிடும். இரும்பு, துளைதுளையான இரும்பு ஆக்சைடாக மாறும். அந்தத் துளைகளின் வழியே இனி சயனைடு உள்ளே போகலாம். ஆர்சனிக் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆர்சனிக் ட்ரை ஆக்சைடாக, ஆவியாக, புகையோடு வெளியேறும். புகை குளிர்ந்ததும் வெள்ளை மாவாகப் படியும். நம்மூர்ச் சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது இதைத்தான். சுவை கிடையாது, நெடி கிடையாது, தண்ணீரில் கரையும், ஒரு சிட்டிகை ஆளைக் கொல்லும். கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை இவற்றில் புற்றுநோய் வரும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்சனிக் ஒரு தனிமம். அதை எரித்து ஒழிக்க முடியாது, மக்கச் செய்ய முடியாது, காலம் போகப்போக அது வீரியம் குறைவதும் இல்லை. கதிரியக்கக் கழிவுக்குக்கூட ஓர் அரை ஆயுள் கணக்கு உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. கல்லுக்குள்ளிருந்து எத்தனை கிலோ வெளியே எடுக்கிறோமோ அத்தனை கிலோவும் எங்காவது, ஏதாவது ஓர் உருவில் இருந்தே தீரும். எந்த உருவில், எங்கே என்பது மட்டும்தான் மனிதன் கையில் இருக்கிறது. ஆர்சனிக் கலந்த தாதுவைப் பதப்படுத்தும் தொழில் முழுவதும் இந்த ஒரு தீர்மானத்தில் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். அந்தத் தீர்மானத்தைத் தங்கம் எடுப்பதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். தங்கத்தை எடுத்து முடித்த பிறகு யோசித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் வடக்கே ஓர் ஊர் இருக்கிறது.

ஊரின் பெயர் யெல்லோநைஃப். கிரேட் ஸ்லேவ் என்ற மாபெரும் ஏரியின் கரையில் இருக்கிறது. வடமேற்கு ஆட்சிப்பகுதிகளின் தலைநகரம். அதன் விளிம்பில் 1948-ல் ஜயன்ட் சுரங்கம் தங்கம் எடுக்கத் தொடங்கியது. தாதுவில் ஆர்சனோபைரைட் நிறைய. 1949 தொடக்கத்தில் வறுக்கும் உலையை மூட்டினார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் புகைபோக்கியில் தூசியைப் பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. நாள்தோறும் டன் கணக்கில் வெள்ளைத் தூசி காற்றில் போனது, பனியில் படிந்தது.

ஏரிக்கரையில் டெனே பழங்குடி மக்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். யெல்லோநைவ்ஸ் டெனே என்பார்கள். அப்போது குளிர்காலத்தில் அவர்கள் பனியை உருக்கித்தான் குடிநீர் எடுத்துக்கொள்வார்கள். எத்தனையோ தலைமுறை வழக்கம் அது. அதுவரை அது சுத்தமான நீர். 1951 வசந்தத்தில், பனி உருகிய நீரைக் குடித்த ஒரு டெனே குழந்தை இறந்தது. இரண்டு வயது. அந்தக் குடும்பத்துக்குச் சுரங்க நிறுவனம் இழப்பீடாக 750 டாலர் கொடுத்தது. அந்த உலையின் லாபக் கணக்கில் 750 டாலர் எத்தனையாவது தசமத்தில் வந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதே ஆண்டு, மின்புலத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கும் கருவியைப் புகைபோக்கியில் வைத்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் துணிப்பை வடிகட்டிகளும் வந்தன. காற்றில் போவது வெகுவாகக் குறைந்தது. பிடித்த தூசியை என்ன செய்வது? அந்தக் காலத்தில் ஆர்சனிக்குக்குச் சந்தை இருந்தது. பருத்திப் பூச்சிக்கும் பழத்தோட்டத்துக்கும் ஆர்சனிக் மருந்துதான். ஆனால் இந்தத் தூசியை அங்கிருந்து ஏற்றிக்கொண்டுபோய் விற்பது கட்டுப்படியாகவில்லை. சுரங்கத்துக்குள்ளேயே, தாது வெட்டியெடுத்த வெற்றிடங்களிலும் இதற்கென்றே குடைந்த அறைகளிலும் காற்றழுத்தக் குழாய் வழியே ஊதி நிரப்பினார்கள். வடக்கே நிலம் நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது, சுரங்கத்தை மூடியதும் உறைபனி திரும்பிவந்து எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டிவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தவறியது. சுரங்கம் தோண்டத் தோண்ட அந்தப் பாறை இளகிக்கொண்டே வந்தது. உறைபனி திரும்பவில்லை.

1999-ல் அப்போதைய உரிமை நிறுவனம் ராயல் ஓக் திவாலானது. உலை அணைந்தது. சுரங்கத்தின் பொறுப்பு கனடா அரசின் தலையில், அதாவது வரி கட்டும் மக்களின் தலையில் விழுந்தது. அப்போது நிலத்தடியில் இருந்த தூசி 2,37,000 டன்.

ஜயன்ட் சுரங்கம் தன் வாழ்நாளில் எடுத்த தங்கம் சுமார் 70 லட்சம் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 218 டன். இரண்டையும் வகுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ தங்கத்துக்கு ஆயிரம் கிலோவுக்கும் மேல் தூசி வருகிறது. நம் கணக்கில் சொன்னால், ஒரு பவுனுக்கு எட்டரைக் கிலோவுக்கும் கூடுதல். கழுத்தில் ஐந்து பவுன் சங்கிலி என்றால் நாற்பது கிலோவைத் தாண்டிய வெள்ளைப் பாஷாணம். அதுவும் பிடித்துவைத்த தூசி மட்டும். காற்றில் போனது இந்தக் கணக்கில் இல்லை.

அதை இப்போது என்ன செய்கிறார்கள்? வெளியே எடுத்து வேறு உருவுக்கு மாற்றுவது உட்பட 56 வழிமுறைகளை ஆராய்ந்தார்கள். தோண்டியெடுக்கும் தொழிலாளிக்கே ஆபத்து அதிகம் என்று பட்டது. கடைசியில், இருக்கும் இடத்திலேயே உறைய வைப்பது என்று முடிவாயிற்று. அறைகளைச் சுற்றிப் பாறையில் துளையிட்டுத் தெர்மோசைஃபன் என்ற குழாய்களை இறக்குகிறார்கள். உள்ளே அழுத்தத்தில் அடைத்த கார்பன் டை ஆக்சைடு இருக்கும். குளிர்காலத்தில் மேலே காற்று உறைகுளிராக இருக்கும்போது, கீழே பாறையின் சூட்டை வாங்கிய திரவம் ஆவியாகி மேலேறும்; மேலே சூட்டை விட்டுவிட்டுத் திரும்பத் திரவமாகிக் கீழே வழியும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். இப்படிப் பாறையை வருடம் முழுவதும் உறைந்தே இருக்கச் செய்யலாம். அழகான பொறியியல், மறுக்கவில்லை. ஆனால் அது தீர்வு இல்லை, காவல். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். குழாய்களைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பருவநிலை சூடாகிக்கொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் குளிரூட்ட வேண்டியிருக்கிறது. 2014-ல் இதற்கு அனுமதி தந்தபோது நூறு ஆண்டுக்கு மட்டுமே என்று வரையறுத்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வும் கேட்டார்கள். நிரந்தரத் தீர்வைத் தேடும் ஆராய்ச்சிக்கும் வழி செய்தார்கள். அந்த நிபந்தனைகளுக்குப் பின்னால் டெனே மக்களும் ஊராரும் விடாமல் கேட்ட கேள்விகள் இருக்கின்றன. 2022-ல் வெளியான மதிப்பீட்டின்படி முழுத் துப்புரவுக்கும் ஆகும் செலவு 438 கோடி கனடிய டாலர். நூறு, இருநூறு ஆண்டு கழித்து வரும் மனிதர்களுக்கு, நம் மொழி புரியாமல் போனாலும், இங்கே தோண்டாதே என்று எப்படிச் சொல்லிவைப்பது என்பதையும் அங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். 1949-ல் இல்லை. பின்னால் வந்தது, இரண்டு விதமாக.

ஒன்று, தாதுக் குழம்பைச் சீல் வைத்த பெரிய கலனுக்குள், 200 டிகிரி சுற்றுவட்டச் சூட்டில், கடும் அழுத்தத்தில், ஆக்சிஜன் செலுத்தி வேகவைப்பது. ஆட்டோகிளேவ் என்பார்கள். 1985-ல் கலிஃபோர்னியாவின் மெக்லாக்லின் சுரங்கத்தில் இதைத் தங்கத்துக்காக முதலில் பெரிய அளவில் செய்தார்கள். இங்கே புகைபோக்கி வழியே ஆர்சனிக் ஆவியாகிப் போவதில்லை. அது நீரிலேயே ஆக்சிஜன் ஏறி ஆர்சனேட் ஆகிறது. கூடவே கரைந்த இரும்போடு சேர்ந்து திடமாக வீழ்படிகிறது. சுமார் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். கலனுக்குள் அமிலத்தைத் தாங்கும் செங்கல் பதிக்க வேண்டும், ஆக்சிஜன் ஆலை வேண்டும், செலவு பெரிது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: பாக்டீரியா. இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனேற்றி அதில் கிடைக்கும் ஆற்றலிலேயே உயிர்வாழும் நுண்ணுயிர்கள் சுரங்க அமில நீரில் இயற்கையாகவே இருக்கின்றன. அவற்றைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, காற்று ஊதி, நாற்பது டிகிரி சூட்டில் வைத்துத் தாதுவைக் கொடுத்தால், நாலைந்து நாளில் ஆர்சனோபைரைட்டை அரித்துத் தங்கத்தைத் திறந்துவிடுகின்றன. 1986-ல் தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் இது முதலில் தொழில் முறையாக ஓடியது. 1994-ல் கானாவின் ஒபுவாசியில் மிகப் பெரிய அளவில் தொடங்கினார்கள். வறுக்கும் உலையால் காற்றும் மண்ணும் கெட்ட ஊர் அது. அங்கே இந்தத் தொட்டிகள் வந்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஜயன்ட்டின் கதையில் இன்னொரு வேதனையும் உண்டு. 1999-க்குப் பிறகு 2004 வரை அந்தச் சுரங்கத்தில் எடுத்த தாதுவை லாரியில் ஏற்றி, அதே ஊரில் இருந்த கான் சுரங்கத்தின் ஆலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆலையில் 1990-களின் தொடக்கத்திலிருந்தே ஆட்டோகிளேவ் ஓடிக்கொண்டிருந்தது. சில கிலோமீட்டர் தொலைவில் அது ஓடிக்கொண்டிருக்க, ஜயன்ட்டில் 1999 வரை வறுத்துத் தூசியைக் கீழே ஊதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, நீரில் பிடித்த ஆர்சனிக்கை எப்படிப் பூட்டுவது? முதலில் சுண்ணாம்பைச் சேர்த்தார்கள். மலிவு, உடனே வீழ்படியும், மேலே நிற்கும் நீர் தெளிவாக இருக்கும். ஆனால் கால்சியம் ஆர்சனேட்டைக் கழிவுக் குட்டையில் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடே அதை மெல்லப் பிரித்துவிடும். கால்சியம் சுண்ணாம்புக்கல் ஆகிவிட, ஆர்சனிக் திரும்பவும் நீருக்கு வந்துவிடும். இது தெளிவாகப் புரிந்தபோது உலகத்தில் பல குட்டைகள் நிரம்பிவிட்டிருந்தன. இரும்பு நல்ல பூட்டு. ஆர்சனிக்கைப் போல மூன்று, நான்கு மடங்கு இரும்பு அணுக்கள் இருந்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதைவிட உறுதியானது ஸ்கோரடைட் என்ற படிகம். இரும்பு ஆர்சனேட்டோடு நீர் சேர்ந்தது, இயற்கையிலேயே உள்ள கனிமம். சூடான அமிலக் கரைசலில் பக்குவமாக வளர்த்தால் அடர்த்தியாக, வடிகட்ட எளிதாகக் கிடைக்கும். சிலியில் உருக்காலைத் தூசியில் வரும் ஆர்சனிக்கை இப்படி மாற்றிப் புதைக்கிறார்கள். ஆர்சனிக்கைக் கண்ணாடிக்குள் உருக்கி அடைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன.

இரும்புப் பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு. ஆக்சிஜன் இல்லாத, மக்கும் பொருள் நிறைந்த சேற்றில் புதைத்தால், அங்கே வாழும் நுண்ணுயிர்கள் இரும்பைக் கரைத்துவிடும். இரும்பு போனால் ஆர்சனிக்கும் விடுபடும். இதை நாம் வங்கத்தில் கண்கூடாகப் பார்த்தோம். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணற்று நீரில் வந்த ஆர்சனிக்குக்கு எந்தச் சுரங்கமும் காரணமில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இரும்புத் துகளோடு ஒட்டியிருந்த ஆர்சனிக், காற்றுப் புகாத ஆழத்தில் இப்படித்தான் கழன்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கழிவை எங்கே வைக்கிறோம் என்பது, என்ன உருவில் வைக்கிறோம் என்பதற்குச் சமமாக முக்கியம் என்பதற்கு வங்கத்தை விடப் பெரிய சான்று வேண்டாம்.

இனி தாமிரம். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தாமிரத் தாதுவில் எனார்கைட் என்று ஒரு கனிமம் வரும். தாமிரம், ஆர்சனிக், கந்தகம் மூன்றும் ஒரே படிகத்தில் இருக்கும். எடையில் 48 சதவீதம் தாமிரம், 19 சதவீதம் ஆர்சனிக். தங்கத் தாதுவில் வேண்டாத கனிமத்தைச் சில சமயம் நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறையில் தள்ளிவிடலாம். இங்கே வேண்டியதும் வேண்டாததும் ஒரே மணி. ஆர்சனிக்கைத் தள்ளினால் தாமிரமும் போய்விடும். அதனால் ஆர்சனிக் அப்படியே செறிவுக்குள் வந்துவிடுகிறது. செறிவு என்பது தாமிரம் இருபத்தைந்து, முப்பது சதவீதம் வரை ஏற்றிய பொடி. கப்பலில் ஏற்றி விற்கும் பண்டம். தூத்துக்குடி உருக்காலைகூட 2018-ல் மூடப்படும் வரை, இப்படி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த செறிவைத்தான் உருக்கியது. செறிவு கைமாறும்போது அதில் உள்ள ஆர்சனிக்கும் கைமாறுகிறது. அளவு கூடினால் உருக்காலை விலையில் பிடித்தம் செய்யும். சீனா 2006-ல், இறக்குமதியாகும் செறிவில் ஆர்சனிக் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது.

ஏற்றுக்கொண்ட ஊர்கள் இருந்தன. அமெரிக்காவின் டகோமா அதில் ஒன்று. அங்கிருந்த அசார்கோ உருக்காலை அதிக ஆர்சனிக் தாதுவுக்கென்றே பெயர் பெற்றது. பிலிப்பீன்சின் லெபாண்டோ சுரங்கத்து எனார்கைட் கடல் கடந்து அங்கே போனது. ஆர்சனிக்கைப் பிரித்து விற்பதே அதற்கு ஒரு வருமானம். 1983-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ் ஊர் மக்களிடமே கேட்டார்: வேலையும் வேண்டும், புற்றுநோய் அபாயமும் இருக்கிறது, எவ்வளவு அபாயம் உங்களுக்குச் சம்மதம்? கேட்டது சரியா, தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். மக்களிடம் கேட்டதே பெரிது என்பவர்களும் உண்டு. அரசு செய்ய வேண்டிய தீர்மானத்தை நோயாளியின் கையில் கொடுத்ததாகவே எனக்குப் படுகிறது. 1985-ல் தாமிரம் உருக்குவது நின்றது. 1993-ல் 170 மீட்டர் உயரப் புகைபோக்கியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆயிரம் சதுர மைலுக்கும் மேல் மண்ணில் அதன் தூசி படிந்திருந்தது. வீட்டு முற்றங்களில் மண்ணை வாரியெடுத்துவிட்டுப் புது மண் கொட்ட வேண்டியிருந்தது.

டகோமா மூடியதால் எனார்கைட் மறைந்துவிடவில்லை. பல்கேரியாவின் செலோபெச் சுரங்கத்தில் தங்கமும் தாமிரமும் கலந்த செறிவு கிடைக்கிறது. ஆர்சனிக் சுமார் 5 சதவீதம். பல ஆண்டுகள் அதைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இறக்கி, நமீபியாவின் சுமெப் என்ற சிற்றூர் உருக்காலைக்குக் கொண்டுபோனார்கள். தொழிலாளர்களும் ஊர்மக்களும் குரல் எழுப்பிய பிறகு, 2012-ல் நமீபிய அரசு உருக்கும் அளவைக் குறைக்கச் சொன்னது. உருக்காலை நிறுவனமும் தூசி பிடிக்கும் ஏற்பாடுகளுக்கும் கந்தக அமில ஆலைக்கும் பெரும் பணம் போட்டது. தங்கமும் தாமிரமும் ஐரோப்பாவில் எடுத்தவை. ஆர்சனிக் தங்கிவிட்டது நமீபியாவில். சிலியின் மினிஸ்ட்ரோ ஆலெஸ் சுரங்கத்தில் இன்னொரு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். செறிவை விற்கும் முன் தாங்களே அங்கேயே வறுத்து ஆர்சனிக்கை விரட்டிப் பிடித்து, தாமிரத்தை மட்டும் அனுப்புகிறார்கள். தாது எடுத்தவன் வாசலிலேயே பொறுப்பு நிற்கிறது என்பதால் இதை நான் மதிக்கிறேன்.

வணிகர்கள் செய்யும் வேறொரு வேலையை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. ஆர்சனிக் கூடிய செறிவையும் குறைந்த செறிவையும் கலந்து, சராசரியை வரம்புக்குக் கீழே இறக்கி விற்பது. சட்டம் அனுமதிக்கிறது. ஒரு கிராம் ஆர்சனிக்கூட இதனால் குறையவில்லை. ஓர் உருக்காலைக்குப் போக வேண்டியது பத்து உருக்காலைகளுக்குப் பிரிந்து போகிறது.

எளிதான தாதுக்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. மின்கம்பிக்கும் மின்வண்டிக்கும் தாமிரம் வேண்டியிருக்கிறது. இனித் திறக்கும் சுரங்கங்களில் ஆர்சனிக் கூடுதலாகவே இருக்கும். அப்படி ஒரு சுரங்கத்தின் அல்லது உருக்காலையின் சுற்றுச்சூழல் அறிக்கை கையில் கிடைத்தால், நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரே ஓர் அட்டவணையைத் தேடுங்கள். வருடத்துக்கு எத்தனை டன் ஆர்சனிக் உள்ளே வருகிறது. அது எத்தனை டன் தூசியாக, எத்தனை டன் இரும்பு ஆர்சனேட்டாக, எத்தனை டன் கசடாக வெளியே போகிறது. ஒவ்வொன்றும் எந்த நிலத்தில் கிடக்கப்போகிறது. இரண்டு பக்கமும் கூட்டினால் தொகை ஒத்துவர வேண்டும். ஒத்துவரவில்லை என்றால், அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்று பொது விசாரணையில் எழுந்து கேளுங்கள்.